சுங்கை சிப்புட் அளித்த தீர்ப்புகள்

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சுண்ணாம்புக் குன்றுகள் பின்தங்கிப் பால்மரக் காடுகள் தொடங்கும் இடத்தில் அமைந்த ஊர் சுங்கை சிப்புட். மலாய்மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. 'சிப்புட்' என்றால் நத்தை. பெயர் மெல்ல ஊரும் உயிருடையது. ஆனால் அவ்வூரின் வரலாறு நத்தைபோல் ஊர்ந்ததில்லை. மலாயாவின் அரசியலைப் புரட்டிய நிகழ்ச்சிகளுள் இரண்டேனும் இந்தச் சிற்றூரில் நிகழ்ந்தவை. ஒன்று துப்பாக்கியால் நிகழ்ந்தது. மற்றொன்று வாக்குச்சீட்டால் நிகழ்ந்தது. இரண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகள்.

எல்பில், கமுனிங், டோவன்பி, ஹேவூட், சங்காட் சாலாக் என்னும் தோட்டங்களின் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழருக்கு ஊர்ப்பெயர்கள் போலவே பழகியவை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் இத்தோட்டங்களின் லயங்களில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றனர், மரம் வெட்டினர், பால் எடுத்தனர், மழை பெய்த நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தனர். இவர்களின் வாக்கு எங்கே சென்றது, ஏன் அங்கே சென்றது, பிறகு ஏன் திரும்பியது என்பதே இத்தொகுதியின் கதை.

1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில், எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் அதே முடிவை எய்தினர். அடுத்த சில நாள்களுக்குள் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது நீங்க 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

கொல்லப்பட்ட மூன்று துரைமார்களின் பெயர்கள் எல்லா வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அந்த நாள் தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் விளைத்த மாறுதலைப் பேசும் நூல்கள் சிலவே. போருக்குப் பின்னர், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வீறுகொண்டு எழுந்தன. கூலி உயர்வு கேட்டும் கள்ளுக்கடைகளை எதிர்த்தும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. அவசரகாலத்தோடு அந்தச் சங்கங்கள் அழிந்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சிவப்புக்கொடி பற்றிப் பேசுவது ஆபத்து என்ற எண்ணம் தோட்டத்து மக்களின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. பின்னர் அவர்கள் பெற்ற வாக்குரிமையைப் பற்றிப் பேசுவோர் இந்த அச்சத்தை மறந்துவிடலாகாது. எதிர்ப்பு அரசியலின் வேர் வெட்டப்பட்ட நிலத்திலேதான் அந்த வாக்குரிமை நடப்பட்டது.

அந்த ஜூன் 16-ஆம் நாள் அவ்வூர் மைந்தர் ஒருவருக்கு இருபத்தொன்பதாம் பிறந்தநாளாகவும் அமைந்தது. அவரே வீ. தி. சம்பந்தன். 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று திரும்பியவர். தந்தை வீராசாமி கப்பலேறி வந்து உழைப்பால் உயர்ந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் வேட்டியும் ஜிப்பாவும் அணிந்து தோட்டத்து மக்களிடையே தமிழில் பேசியதால், அவர்கள் இவரைத் தம்மவராகக் கண்டனர். ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழ முன்னின்றவர். 1954-இல் அதனைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

1946-இல் தொடங்கப்பட்ட மலாயா இந்தியக் காங்கிரஸ், அதாவது ம.இ.கா., முதலில் நகர்ப்புறக் கற்றோரின் கட்சியாகவே இருந்தது. 1955-இல் அதன் தலைமையைச் சம்பந்தன் ஏற்றபோது அது தோட்டப்புறத்தை நோக்கித் திரும்பியது. அதே ஆண்டு நடந்த கூட்டரசின் முதல் பொதுத்தேர்தலில் அவர் வடகிந்தாவில் கூட்டணி வேட்பாளராக நின்று வென்றார். மொத்தம் 52 தொகுதிகளில் 51-ஐக் கூட்டணி கைப்பற்றிய தேர்தல் அது.

இங்கே ஓர் எண்ணைக் கூர்ந்து நோக்கவேண்டும். 1955-இல் நாட்டு வாக்காளருள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பால்மரக் காட்டில் உழைத்த பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே கிடையாது. ஆகவே தோட்டத் தமிழரின் தலைவர் எனப் போற்றப்பட்டவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியோருள் தோட்டத் தமிழர் மிகச் சிலரே. துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணிக்கு மலாய்க்காரர் அளித்த வாக்கே சம்பந்தனையும் கரை சேர்த்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஆனால் இந்த உண்மை இத்தொகுதியின் வரலாறு முழுவதற்கும் திறவுகோல். இந்நாட்டில் இந்தியர் பெரும்பான்மையராய் அமைந்த நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. 'இந்தியர் தொகுதி' என வழங்கப்படும் சுங்கை சிப்புட்டிலும் இந்திய வாக்காளர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. சீனர் அவர்களினும் மிகுதி. மலாய்க்காரரும் அவர்களினும் மிகுதி. மேற்குப்புற நகரத்தை விட்டுக் கிழக்கே மலையேறினால் தெமியார் பழங்குடி மக்களின் ஊர்கள் உண்டு. ஒரு தோட்டத்துக் கிளைத்தலைவர் தம் லயத்து வாக்குகள் அனைத்தையும் திரட்டிக் கொடுத்தாலும் அவை மட்டும் வெற்றி தரமாட்டா. பிற இனத்தவர் வாக்கு ஏறக்குறையச் சமமாகப் பிரியும் வேளையில்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு தீர்ப்பு எழுதும்.

1957-இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைப் பதிவு பெருமளவில் நடந்தது. விண்ணப்பப் பாரங்களைச் சுமந்துகொண்டு ம.இ.கா.வினர் தோட்டந்தோட்டமாகச் சென்றனர். பதிந்தவர் பதிந்தனர். 'இன்றைக்கு வேலை போய்விடும்', 'அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பிவிடுவோம்', 'படிக்கத் தெரியாது' என்று பதியாமல் விட்டோர் பலர். அவர்களின் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கியது. பத்தாண்டு கழித்து, வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது அந்தச் சிவப்பு அட்டையின் பொருள் அவர்களுக்கு விளங்கியது. 1969, 1970-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். வாக்குச்சாவடிக்குள் ஒருநாளும் நுழையாமலேயே இந்நாட்டை விட்டகன்றவர்களும் இத்தொகுதியின் தேர்தல் வரலாற்றில் ஒரு பக்கத்துக்கு உரியவர்கள்தாம்.

1959-இல் சுங்கை சிப்புட் தனித் தொகுதியாயிற்று. அவ்வாண்டும், 1964-இலும், 1969-இலும் சம்பந்தனே வென்றார். ஈப்போவைக் கோட்டையாகக் கொண்டு சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்த மக்கள் முற்போக்குக் கட்சி பேராக் முழுவதும் கூட்டணியை அலைக்கழித்த காலம் அது. 1969-இல் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 19-ஐ மட்டுமே கூட்டணி பெற்றது. ஆளுங்கட்சி ஆட்டங்கண்ட அவ்வேளையிலும் சுங்கை சிப்புட் கைவிட்டுப் போகவில்லை.

அதற்குரிய காரணத்தைத் தோட்டத் துண்டாடலில் தேடவேண்டும். விடுதலைக்குப் பின் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கிய வணிகர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டி விற்றனர். வேலையும் வீடும் ஒன்றாகவே போயின. அந்நிலையில் 1960-இல் சம்பந்தன் தோற்றுவித்ததே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டவேண்டும், சேர்ந்த பணத்தில் தோட்டம் வாங்கவேண்டும், கூலியாயிருந்தவனே பங்குதாரனாகவேண்டும். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் பாயில் அமர்ந்து பத்து வெள்ளிக்கு ரசீது எழுதிக் கொடுத்த காட்சியை நினைவிற்கொண்டிருந்தோர் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தனர். அன்றைய பத்து வெள்ளி, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. அதை நம்பிக் கொடுத்தவன் வாக்கைக் கொடுக்கத் தயங்குவானா? பாய்மரக் கப்பல் சின்னத்துக்கு விழுந்த தோட்டத்து வாக்குகள் அந்த நம்பிக்கையின் மறுபக்கம் எனலாம்.

1973-இல் கட்சிக்குள் எழுந்த பூசலால் சம்பந்தன் தலைமையைவிட்டு விலக, வெ. மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். 1974 ஆகஸ்டில், கூட்டணி விரிந்து தேசிய முன்னணியாகித் தராசுச் சின்னத்தில் நின்ற முதல் பொதுத்தேர்தலில், சுங்கை சிப்புட்டுக்குப் புதிய வேட்பாளர் வந்தார். அவர் ச. சாமிவேலு. பால்வெட்டுத் தொழிலாளியின் மகன்; பேருந்து நடத்துநராகவும் அலுவலகப் பையனாகவும் வேலை பார்த்து, கட்டடக்கலை பயின்று, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்து உயர்ந்தவர். முன்னவர் தோட்ட உரிமையாளரின் மகன். பின்னவர் தொழிலாளியின் மகன். ஆயினும் தொழிலாளியின் நிலத்துக்காக முன்னவர் நடந்த தொலைவைப் பின்னவர் நடந்தாரா என்னும் கேள்வி சுங்கை சிப்புட்டில் பல்லாண்டுகள் உலவியது.

1974 தொடங்கி 2004 வரை எட்டுப் பொதுத்தேர்தல்களில் சாமிவேலு தொடர்ந்து வென்றார். 1979-இல் கட்சித் தலைமையும் அமைச்சர் பதவியும் அவரை வந்தடைந்தன. சம்பந்தனின் மூன்று வெற்றிகளையும் சேர்த்தால், 1959 முதல் 2008 வரை நாற்பத்தொன்பது ஆண்டுகளில் பதினொரு தேர்தல், பதினொன்றிலும் ம.இ.கா. வெற்றி. அந்த நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்கு இரண்டே உறுப்பினர்கள். இருவரும் பொதுப்பணி அமைச்சர்களாக இருந்து நாடெங்கும் சாலைகள் அமைத்தவர்கள் என்பது ஒரு விந்தையான ஒற்றுமை.

இவ்வளவு நீண்ட விசுவாசத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது நியாயமன்று. தோட்டம் தனியார் நிலம். நாட்டுப்புற மேம்பாட்டுக்கென அரசாங்கம் ஒதுக்கிய பணம் கம்பத்துக்குச் சென்றது; நிலமற்றோருக்கான குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்றது; தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வரவில்லை. தோட்டத்துச் சாலை கம்பெனியின் சாலை. லயத்துக் குழாய் கம்பெனியின் குழாய். நிர்வாகியின் இசைவின்றிப் பொதுக்கூட்டமும் நடத்த இயலாது. ஆகவே பள்ளிக்குக் கூரை வேண்டுமாயினும், கோயிலுக்கு மானியம் வேண்டுமாயினும், பிள்ளைக்குப் பிறப்புப்பத்திரம் வேண்டுமாயினும், அரசாங்கத்தை எட்டுவதற்குத் தொழிலாளிக்கு ஒரே வழிதான் இருந்தது. கிளைத்தலைவரிடம் சொல்லவேண்டும், கிளைத்தலைவர் தொகுதித் தலைவரிடம் சொல்வார், அவர் அமைச்சரிடம் சொல்வார். அந்தக் கிளைத்தலைவர் பெரும்பாலும் தோட்டத்துக் கங்காணியாகவோ சங்கத் தலைவராகவோ இருப்பார். தேர்தல் நாளில் லாரி ஏற்பாடு செய்பவரும் அவரே. வாக்குச்சாவடியாகப் பயன்பட்டதும் பெரும்பாலும் அந்தத் தமிழ்ப்பள்ளிதான். எந்தக் கூரைக்காக மனுக் கொடுத்தானோ அந்தக் கூரையின் கீழ் நின்றே தொழிலாளி வாக்களித்தான். ஒரே வாசல் உள்ள வீட்டில் வாழ்பவன் அந்த வாசலைப் பகைத்துக்கொள்ளமாட்டான்.

இப்படிப்பட்ட விசுவாசம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில் எலியட் கவுண்டி என்றொரு சிறு மாவட்டம் உண்டு. ஏழை உழைப்பாளிகள் நிறைந்தது. 1869-இல் அமைக்கப்பட்டது முதல் 2012 வரை நடந்த ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் அது ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. தந்தையின் கட்சி மகனின் கட்சியாக ஐந்தாறு தலைமுறைகள் தொடர்ந்தன. 2016-இல் அம்மக்களுள் பத்தில் எழுவர் எதிர்க்கட்சியின் டிரம்புக்கு வாக்களித்தனர். வாழ்க்கையைத் தாங்கிநின்ற தொழில்கள் தேய்ந்து, கட்சிப்பெயர் மட்டும் எஞ்சியபோது, நூற்றைம்பதாண்டுப் பழக்கம் ஒரே தேர்தலில் முறிந்தது. அங்கே அவர்கள் திரும்பிய திசை வேறு. இங்கே திரும்பிய திசை வேறு. ஆனால் முறிந்த விதம் ஒன்றே.

சுங்கை சிப்புட்டில் அந்த முறிவு 1980-களிலேயே தொடங்கிவிட்டது. ரப்பர் விலை வீழ, மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. வேண்டிய கைகளும் அண்டை நாடுகளிலிருந்து குத்தகையில் வந்தன. ஈப்போவுக்கு அணித்தான நிலம் வீடமைப்புக்கு விலைபோயிற்று. வேலை நீக்கக் கடிதம் வந்த கையோடு லயத்தைக் காலி செய்யும் அறிவிப்பும் வந்தது. பல தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு எஞ்சியது சிறிது இழப்பீடு. தோட்டம் போனதும் கங்காணியும் போனார். கிளைத்தலைவரின் செல்வாக்கும் போயிற்று. புறம்போக்கிலும் மலிவு அடுக்குமாடியிலும் குடியேறிய மகனுக்கு வாக்கு இருந்தது. அதனைக் கேட்டு வாசலுக்கு வர ஆள் இல்லை. 1982-இல் சமூகத்தின் பொருளாதார மீட்சிக்கென்று தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்சில் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத்துக் குடும்பங்களும் உண்டு. எதிர்பார்த்த பயன் அவர்களை வந்தடையவில்லை. முன்பு பத்து வெள்ளி வளர்த்த நம்பிக்கையை அந்தப் பங்குப் பத்திரம் தேய்த்தது.

வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வரவில்லை. ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் நெஞ்சுநோய் மருத்துவராயிருந்த மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜும் அவர் துணைவியார் ராணியும் நண்பர் சிலரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதில் தொடங்கினர். அந்தப் பணி 'அலைகள்' என்னும் அமைப்பாயிற்று. கூலி, வீடு, இழப்பீடு என்று பிரச்சினை எழுந்த இடத்தில் தொழிலாளரைக் கூட்டிச் சட்டம் சொல்லிக் கொடுத்தனர். மனு எழுதக் கற்பித்தனர். முன்பு தொழிலாளிக்காக வேறொருவர் சென்று பேசுவார். இப்போது தொழிலாளியே நிர்வாக அலுவலகத்து வாசலில் நின்று பேசினான். 1998-இல் இவர்கள் சார்ந்த மலேசிய சோசலிசக் கட்சி தோன்றியது. அதற்குப் பதிவு கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின.

பதிவில்லாத கட்சிக்குச் சின்னமும் இல்லை. ஆகையால் 1999-இல் ஜெயக்குமார் ஜனநாயகச் செயல் கட்சியின் ராக்கெட் சின்னத்தை இரவல் வாங்கிச் சாமிவேலுவை எதிர்த்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2004-இல் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். இம்முறை தோல்வி பத்தாயிரத்தையும் தாண்டியது. ஐந்தாண்டு உழைப்புக்குப் பிறகு தோல்வி இருமடங்கானால் எவரும் மனம் சோர்வர். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. நிலம் பண்பட்டதா இல்லையா என்பது மழை வந்தபின்னரே தெரியும்.

மழை 2007 நவம்பர் 25-இல் வந்தது. அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் இண்ட்ராப் பேரணியில் பல்லாயிரம் இந்தியர் திரண்டனர்; கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. அஞ்சிப் பழகிய சமூகம் அஞ்சாமல் நின்ற காட்சி நாட்டின் மூலைமுடுக்கெங்கும் பரவியது. மூன்றரைத் திங்கள் கழித்து, 2008 மார்ச் 8-இல் பொதுத்தேர்தல். அந்நாள் சாமிவேலுவுக்கு எழுபத்திரண்டாம் பிறந்தநாள். இரவு முடிவு வந்தது. ஜெயக்குமார் 16,458; சாமிவேலு 14,637. வேறுபாடு 1,821. நாற்பத்தொன்பது ஆண்டுகள் மூடியிருந்த கதவு திறந்தது. நாடு முழுவதும் ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் மூன்று மட்டுமே மிஞ்சின. சம்பந்தனின் பிறந்தநாளில் வெடித்த துப்பாக்கி இவ்வூரை உலகுக்கு அறிவித்தது. சாமிவேலுவின் பிறந்தநாளில் விழுந்த வாக்குச்சீட்டு மீண்டும் அறிவித்தது.

இந்தத் தீர்ப்பு இந்தியர் மட்டும் எழுதியதன்று. நகரத்துச் சீனர் வாக்கு பெருவாரியாக எதிர்க்கட்சிக்குத் திரும்பியது. மலாய்க்காரருள்ளும் ஒரு பகுதியினர் திரும்பினர். ஆனால் அவை மட்டுமே என்றால் முந்திய தேர்தல்களைப்போல் சாமிவேலு தப்பியிருப்பார். எப்போதும் தராசின் தட்டில் ஏறி நின்ற ஐந்தில் ஒரு பங்கினர் அன்று இறங்கியதே அவர் தோல்விக்குக் காரணம்.

வென்றபின் வந்த சோதனைகள் வேறு. நாடாளுமன்ற உறுப்பினருக்கெனத் தொகுதி மேம்பாட்டுக்கு அரசாங்கம் வழங்கும் ஒதுக்கீடு எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் கிட்டவில்லை. 'குழாய்க்கும் கூரைக்கும் பணம் மக்களுடையதா, கட்சியுடையதா?' என்னும் கேள்வியோடு ஜெயக்குமார் நீதிமன்றம் சென்றார். வழக்கு வெல்லவில்லை. ஆனால் தோட்டத்து மக்கள் அரை நூற்றாண்டு ஏன் ஒரே வாசலில் நின்றனர் என்பதற்கு அவ்வழக்கைவிடத் தெளிந்த விடை வேறில்லை. 2011 ஜூனில் அவரும் கட்சித் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். அவருள்ளிட்ட அறுவர் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டு ஜூலை 29-இல் விடுவிக்கப்பட்டனர். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்க முயன்றனர் என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்ட பழி. 1948-இல் சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்பட்ட சொல், அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அத்தொகுதி உறுப்பினரைத் தேடி வந்தது. ஆனால் இம்முறை லயத்து மக்கள் அச்சொல்லுக்கு அஞ்சவில்லை. 2013-இல், கேமரன் மலையிலிருந்து வந்து ம.இ.கா. சார்பில் நின்ற எஸ். கே. தேவமணியை 2,793 வாக்குகளில் வென்று ஜெயக்குமார் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். அவ்வாண்டுத் தொடக்கத்தில், தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்திருந்தது. மாதச் சம்பளத்துக்காகத் தோட்டப்புறத்தில் நெடுங்காலம் குரல் கொடுத்தோருள் சோசலிசக் கட்சியினரும் அடங்குவர்.

இதுவரை கதை நேராகச் செல்கிறது. 2018 மே 9-ஆம் நாள் அது கோணியது. நாடு முழுவதும் தேசிய முன்னணிக்கு எதிராகப் பேரலை எழுந்த தேர்தல். நம்பிக்கைக் கூட்டணியோடு தொகுதி உடன்பாடு காண இயலாமல், ஜெயக்குமார் தம் கட்சியின் முட்டிக்கரச் சின்னத்தில் தனித்து நின்றார். மக்கள் நீதிக் கட்சி, ஊத்தான் மெலிந்தாங் சட்டமன்ற உறுப்பினராயிருந்த சு. கேசவனை நிறுத்தியது. கேசவன் 20,817, தேவமணி 15,210. இரு தவணை உறுப்பினர், முப்பதாண்டு காலம் அந்த மக்களிடையே உழைத்த மருத்துவர் ஜெயக்குமார் பெற்றவை 1,505. வைப்புத்தொகையும் போயிற்று.

இதை நன்றிகேடு என்று சிலர் எழுதினர். அப்படிச் சொல்வது எளிது. ஆனால் அன்று வாக்களித்தவர்கள் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கச் சென்றவர்களல்லர். ஓர் அரசாங்கத்தை மாற்றச் சென்றவர்கள். 2008-இலும் 2013-இலும் அவருக்கு விழுந்த வாக்கில் அவருக்கென விழுந்தது எவ்வளவு, அவர் ஏந்திய சின்னத்துக்கு விழுந்தது எவ்வளவு என்பதை 2018 இரக்கமின்றி அளந்து காட்டிவிட்டது. மருத்துவமனைக்கு அவரிடம் சீட்டு வாங்கிச் சென்றவனே சாவடியில் வேறு சின்னத்தில் குறியிட்டான். ஒரே வாசலை நம்பி வாழ்ந்தவன், இப்போது எந்த வாசல் திறக்கும் எனக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டான் என்று கொள்வதே பொருந்தும். அந்தக் கணக்கைக் கற்றுக் கொடுத்தோருள் தோற்றுப்போன அந்த மருத்துவரும் ஒருவர்.

சாமிவேலு 2022 செப்டம்பர் 15-இல் காலமானார். இரண்டு திங்கள் கழித்து, நவம்பர் 19-இல், பதினெட்டு வயதினரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடந்தது. இழந்த கோட்டையை மீட்க ம.இ.கா. தன் தலைவர் எஸ். ஏ. விக்னேஸ்வரனையே சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பியது. மலாய் வாக்குகள் மூன்று அணிகளாகப் பிரிந்தன. முதல்முறை வாக்களித்த இளைஞர்கள் லயத்தையும் பால்வாளியையும் பாட்டியின் பேச்சில் மட்டுமே அறிந்தவர்கள். முடிவில் கேசவன் வென்றார், வேறுபாடு 1,846. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சாமிவேலு வீழ்ந்த எண்ணிக்கைக்கும் இதற்கும் இருபத்தைந்தே வாக்குகள் வித்தியாசம். இத்தொகுதிக்குட்பட்ட லிந்தாங் சட்டமன்றத் தொகுதியிலோ அதே நாளில் தேசிய முன்னணி வென்றது.

அவ்வாரமே தலைநகரில் நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் கைகோத்து ஒற்றுமை அரசாங்கம் அமைத்தன. சுங்கை சிப்புட்டில் வென்றவரின் அணியும் தோற்றவரின் அணியும் ஒரே ஆட்சியில் அமர்ந்தன. ம.இ.கா.வுக்கு நாடு முழுவதிலும் கிடைத்த ஒரே இடம் தாப்பா. எல்பில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அடுத்த ஆண்டு வகுப்புகள் வழக்கம்போல் தொடங்கின.